பாட்டு நின்ற இருபத்து மூன்று விநாடிகள்

அத்தியாயம் 14

மோரீன் ஸ்கெல்டனுக்கு வந்த பொட்டலத்தைப் போன வாரம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். தபால்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நான் அந்தப் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்ததாகத் தெருக்கோடியில் ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிகிறாள். குலுக்கவெல்லாம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவ். கூடவே ஒரு சீட்டு. இதைத் திறப்பதற்கான கடவுச்சொல் பாதுகாப்புக் கருதித் தனித் தபாலில் வரும் என்றது சீட்டு. பெட்டி ஒரு நாள், சாவி இன்னொரு நாள். ஆறு நாளாக மோரீன் அந்தப் பென்டிரைவை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்டிரைவில் இருப்பது ஒரு பழைய போன் பேச்சு. பாய்லர் பழுது பார்க்கும் கம்பெனியிடம், என்னைப் பற்றி உங்களிடம் இருப்பதையெல்லாம் கொடுங்கள் என்று மோரீன் நவம்பரில் எழுதிக் கேட்டாள். கேட்டால் கொடுத்தாக வேண்டும்; சட்டம் அப்படி. ஆனால் கேட்பது மோரீன்தான் என்பதற்கு அத்தாட்சி கொடு என்றார்கள். தண்ணீர் ரசீது புருஷன் நெவில் பேரில். வீட்டு வரி நெவில் பேரில். பாஸ்போர்ட் செத்துப்போய் ஒன்பது வருஷம். கடைசியில் பஸ் பாஸையும் நூலக அட்டையையும் நகலெடுத்து அனுப்பினாள். எழுபத்தோரு வருஷம் வாழ்ந்ததற்கு அந்த இரண்டு அட்டைதான் சாட்சி.

இது எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. டான்காஸ்டரில் இருக்கும் மகன் கார்ல், அம்மா கேஸ் போடப்போகிறாள் என்று நினைத்தான். மகள் லொரெய்ன், அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தாள். நான் என்ன நினைத்தேன் என்பதை விடுங்கள். அதுவும் தப்பு.

இன்றைக்கு வியாழக்கிழமை, ஜனவரி ஒன்பது. காலை பத்தே காலுக்குக் கடவுச்சொல் வந்துவிட்டது.

க்ரிம்ஸ்பியில் எங்கள் தெரு முழுக்க முதுகும் தோளும் ஒட்டிய வீடுகள். மோரீன் தும்மினால் நான் கைக்குட்டை தேடுவேன். அதனால் அவள் லொரெய்னைக் கூப்பிட்டதும், மத்தியானம் வருகிறேன் என்று லொரெய்ன் சொன்னதும் எனக்குத் தெரியும். பன்னிரண்டரைக்கு லொரெய்னின் கார் வந்து நின்றது. பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு, போன மாதம் மோரீன் கொடுத்த ஆப்பிள் பை சுட்ட தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

"வாங்க ஜோசி ஆன்ட்டி," என்றாள் லொரெய்ன். "தட்டா? நல்ல நேரம் பார்த்துத்தான் கழுவியிருக்கீங்க."

"வேணாம்னா போறேன் கண்ணு."

"உட்காரு," என்றாள் மோரீன். "நீ சுவர் வழியாக் கேக்கப்போறதை இங்கயே உட்கார்ந்து கேட்டுட்டுப் போ. உனக்குக் கழுத்து வலியாவது வராது."

நான் உட்கார்ந்தேன். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

லொரெய்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் வேலை. நோயாளிகள் தங்கள் கோப்பைக் கேட்டு எழுதினால், எடுத்துக் கொடுப்பது அவள்தான். கொடுப்பதற்கு முன்னால் அதில் மற்றவர்களைப் பற்றி இருப்பதைக் கறுப்பு மையால் அடிப்பதும் அவள்தான். பதினேழு வருஷமாக அடிக்கிறாள். வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட ஒருமுறை அப்படி அடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். வாங்கி முடித்த பொருளின் மேல் கோடு போடுவதெல்லாம் அவளுக்குப் போதாது.

இந்தப் பாய்லர் விவகாரத்துக்கு விதை போட்டதே அவள்தான். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மீனும் வறுவலும் தின்றுகொண்டிருந்தபோது வேடிக்கையாகச் சொன்னாள்: "எங்களுக்குப் போன் பண்ணிட்டுக் காத்திருக்கறாங்களே, பாட்டு ஓடறப்பவும் அவங்க பக்கம் பதிவாகிட்டுத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது. எங்களைத் திட்டற திட்டு இருக்கே." நான் சிரித்தேன். மோரீன் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். மீன் கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.

இப்போது லொரெய்ன் மடிக்கணினியைத் திறந்து கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மூன்றாம் தடவை திறந்தது.

"மொத்தம் நாற்பத்தி ரெண்டு நிமிஷம்," என்றாள். "போன வருஷம் ஜனவரி பதினொண்ணு. காலைல ஒன்பது நாற்பது. அம்மா, இப்பவாவது சொல்லு. பாய்லர் ரிப்பேரைத் திரும்பக் கேட்டு என்ன பண்ணப்போற?"

"போடு முதல்ல."

முதலில் மோரீனின் குரல். பாய்லரில் சிவப்பு விளக்கு எரிகிறது, வெந்நீர் வரவில்லை, உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி சத்தம். ஒரு பெண் பேரும் முகவரியும் கேட்டாள். தயவுசெய்து காத்திருங்கள் என்றாள். பாட்டு ஆரம்பித்தது. கடைகளில் மின்தூக்கிக்குள் போடுவார்களே, அந்த ரகப் பாட்டு.

சிறிது நேரம் பாட்டு மட்டும். பிறகு மோரீன்: "அந்த பிஸ்கட்டை வை. ஆறாவது அது."

நான் சிரித்துவிட்டேன். லொரெய்னும் சிரித்தாள். நெவிலுக்கு இஞ்சி பிஸ்கட் என்றால் உயிர். மீன் குளிர்பதன ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர். அங்கே வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போகும் என்று மூடிவைத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் பிஸ்கட்டுக்கு மட்டும்தான் திறந்தார்.

சட்டென்று பாட்டு நின்றது.

பாட்டு மட்டும் இல்லை. குழாய்ச் சொட்டு, நாற்காலிச் சத்தம், எல்லாமே கத்தரித்த மாதிரி நின்றது. நாலு விநாடி. மறுபடி பாட்டு. மோரீன்: "எண்ணிட்டுத்தான் இருக்கேன். பொய் சொல்லாத."

"கெட்டுப்போயிருக்கா?" என்றாள் மோரீன்.

லொரெய்ன் ஒலியைக் கூட்டினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

மறுபடி பாட்டு. மறுபடி வெட்டு. மோரீன் ஏதாவது சொல்வாள், பாட்டு நிற்கும், மறுபடி மோரீன் பேசுவாள். சமையலறையில் தனியாக உட்கார்ந்து தன்னோடு தானே சண்டை போடுகிற பைத்தியக்காரி மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் நிமிஷத்தில் மோரீனின் குரல் சொன்னது: "இப்ப வேண்டாம் நெவில். லைன்ல வந்துடுவாங்க."

பாட்டு நின்றது.

இந்த வெட்டு நீளமாக இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மோரீன் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு திரும்ப வந்தது. மோரீனின் குரல்: "சொன்னேன்ல. பேசாம இரு, அவங்க வந்தா காதுல விழாது."

அதற்குப் பிறகு அந்தப் பதிவில் வெட்டே இல்லை. மீதி முப்பது நிமிஷமும் பாட்டும் குழாய்ச் சொட்டும்தான்.

"அவர் குரல் எங்க?" என்றாள் மோரீன்.

"எடுத்துட்டாங்கம்மா."

"எதுக்கு எடுக்கணும்? நான் கேட்டதே அதுக்குத்தானே."

இப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக நாங்கள் பிய்த்துப் பார்த்த முடிச்சு இவ்வளவுதான். அன்றைக்குக் காத்திருந்த நேரத்தில் நெவில், "மோ, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்திருக்கிறார். அவள் வாயை அடைத்திருக்கிறாள். இருந்தும் அவர் எதையோ சொல்லியிருக்கிறார். அவள் காது போனில் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு நாள் கழித்து, பிப்ரவரி இரண்டாம் தேதி, குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருந்தா," என்றாள் மோரீன், "சொல்லி நான் வாயை மூடுன்னு சொல்லியிருந்தா, எனக்கு அது தெரியணும். இல்ல, கொட்டகைக் கதவுக்கு எண்ணெய் போடணும்னு சொல்லியிருந்தா அதுவும் தெரியணும். எதுவா இருந்தாலும் சரி. ஒரு வருஷமா ரெண்டையும் தூக்கிட்டு அலையறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஜோசி, நீ கேட்டிருப்பியே. சுவர்ல காதை வெச்சுட்டுத்தானே உட்கார்ந்திருப்ப. என்ன சொன்னாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இந்தத் தெருவில் முப்பத்தாறு வருஷமாக என் காதுக்குத் தப்பியது அதிகம் இல்லை. ஆனால் போன வருஷம் ஜனவரி பதினொன்றாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு நான் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். செம்பழுப்பு. எனக்குப் பொருந்தவும் இல்லை.

"நான் வீட்ல இல்ல மோரீன்," என்றேன்.

"ஒரு நாள் வேணும்னா அன்னைக்கு இருக்கமாட்ட."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒட்டுக்கேட்காததற்காக வருத்தப்பட்டேன்.

லொரெய்ன் அதற்குள் கணினியில் அந்த வெட்டை அளந்திருந்தாள். "இருபத்தி மூணு விநாடி," என்றாள் மெதுவாக.

நெவிலுக்கு அது ஒரு வாரப் பேச்சு. கொட்டகைக் கதவுக்கு இருபத்து மூன்று விநாடி ஆகாது என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"எவன் வெட்டினான்?" என்றாள் மோரீன். "அவன் பேரைச் சொல்லு. நானே போன் பண்ணிக் கேக்கறேன். என் புருஷன் குரலை வெட்டறதுக்கு அவன் யாரு?"

"அம்மா, அது நான்தான்."

கெட்டிலை வைக்க எழுந்த நான் அப்படியே நின்றேன்.

"உனக்காக நான் நிரப்பின விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சு," என்றாள் லொரெய்ன். "பதிவுல வேற யார் குரலாவது இருக்கான்னு. அப்பா பக்கத்துல இருந்திருப்பாருன்னு ஆமான்னு போட்டேன். அப்பா பேரை எழுதினேன். அடுத்தது, அவரோட சம்மதக் கடிதம் இணைச்சிருக்கீங்களான்னு. இல்லைன்னு போட்டேன். சம்மதம் இல்லாட்டி அந்த ஆளோட பேச்சை எடுத்துட்டுத்தான் கொடுப்பாங்க. நானே தினம் அதைத்தான் பண்றேன்."

"செத்துப்போனவர் எப்படிடி சம்மதம் கொடுப்பாரு?"

"அதை எழுதியிருக்கணும். ஒரு வரி. இறந்துட்டாருன்னு எழுதி, சான்றிதழ் நகலை வெச்சிருந்தா ஒரு விநாடிகூட வெட்டியிருக்க மாட்டாங்க. இந்தச் சட்டமே உயிரோட இருக்கறவங்களுக்குத்தான். இது எனக்குத் தெரியாம இல்ல. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித்தர்றேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

லொரெய்ன் மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீ எதிர்ல உட்கார்ந்திருந்த. பட்டாணி உரிச்சிட்டிருந்த. அந்தக் காகிதத்துல ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருந்துச்சு. செத்துட்டாருன்னு தனியா எழுதணும்னா நான் பேனாவை நிறுத்தணும். நிறுத்தினா என்ன எழுதறேன்னு நீ எட்டிப் பார்ப்ப. டிக் போடறது சுலபமா இருந்துச்சு. எதுக்காகக் கேக்கறேன்னு நீயும் சொல்லல."

"நீயும் கேக்கல."

"கேட்டேன். பொழுதுபோகலையாம்மான்னு கேட்டேன்."

"அதுக்குப் பேர் கேக்கறதா?"

இந்த நேரம் பார்த்து மோரீனின் போன் அடித்தது. கார்ல். அவனுக்கு எப்போதும் இப்படி ஒரு கை ராசி உண்டு. மோரீன் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, டேப் வந்துடுச்சா? கம்பெனி மாட்டிக்கிச்சா?"

"உங்க அப்பா மாட்டிக்கிட்டாரு. உள்ள இருக்காரு, வெளிய வரல," என்றாள் மோரீன்.

லொரெய்ன் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். "விட்டுடும்மா," என்றான் கார்ல். "அது எதுவா இருந்தா என்ன? இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. வாயை மூடுன்னு சொன்னது நீ இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் தேநீர் ஊற்றினேன். யாரும் தொடவில்லை. லொரெய்ன் கம்பெனி அனுப்பிய கடிதத்தை முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அழைப்புகளோட மூலப் பதிவை ஒரு வருஷம்தான் வெச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் தானா அழிஞ்சுடும்."

"ஒரு வருஷம்னா?" என்றேன்.

"நாளன்னிக்கு. சனிக்கிழமை." அவள் எழுந்துவிட்டாள். "சனிக்கிழமை அந்தப் பிரிவுல ஆளே இருக்க மாட்டாங்க. இன்னைக்கு, இல்லைன்னா நாளைக்கு. அழிக்காதீங்கன்னு யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். அம்மா, அப்பாவோட இறப்புச் சான்றிதழ் எங்க?"

மோரீன் ரொட்டிப் பெட்டியைத் திறந்தாள். ரொட்டிக்கு அடியில், பென்டிரைவ் இருந்த அதே இடத்தில், நாலாக மடித்து வைத்திருந்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு லொரெய்ன் போனை மேசை நடுவில் வைத்து எண்ணை அழுத்தினாள். பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. எங்கள் சேவையை மேம்படுத்துவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றது. உங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றது. பிறகு பாட்டு.

அதே பாட்டு. ஒரு வருஷத்தில் அதையாவது மாற்றியிருக்கலாம்.

பதினைந்து நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் பதிவாகிறது என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவு மரியாதையாக உட்கார்கிறார்கள். எனக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். லொரெய்ன் ஆஸ்பத்திரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மத்தியானம் விடுப்பு சொன்னாள். முப்பதாம் நிமிஷம் எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர். நாற்பதாம் நிமிஷம் நான்கு.

"ரெண்டே ரெண்டு கட்டம்," என்றாள் மோரீன் திடீரென்று, போனைப் பார்த்தபடி. "நானா இருந்தாலும் டிக்தான் போட்டிருப்பேன்."

லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. மோரீனிடமிருந்து இதற்கு மேல் கிடைக்காது என்று நான் சொல்லியிருப்பேன்; என்னை யார் கேட்டார்கள்?

இரண்டு பேர். ஒருவர்.

"அம்மா," என்றாள் லொரெய்ன்.

"ம்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷமே சொல்லியிருக்கணும்." குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இல்லை. "அந்த வாரம், இந்தப் பாய்லர் விஷயத்துக்கு மறுநாளே, அப்பா என் ஆபீசுக்குப் போன் பண்ணாரு."

"அவரா? அவரு போனையே தொடமாட்டாரே."

"தெரியும். அதனாலதான் எனக்கு..."

பாட்டு நின்றது.

"காத்திருந்ததற்கு நன்றி. நான் ப்ரெண்டன் பேசறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

லொரெய்ன் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்தான் அதுவும். அவள் கை போனை நோக்கிப் போனது. மோரீன் அந்தக் கையைப் பாதியில் பிடித்து மேசையோடு அழுத்தினாள்.

"தம்பி," என்றாள் போனைப் பார்த்து, "ஒரு நிமிஷம் அப்படியே இருப்பா."

"மேடம், ரொம்ப நேரம் லைனை வெச்சிருக்க முடியாது. கட் ஆயிடுச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து..."

"ஆனா ஆகட்டும். என் பொண்ணு பேசிட்டிருக்கா."

அவள் கையை விடாமல் லொரெய்ன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் மறுபடி வைத்துக் கொதிக்கத் தொடங்கியிருந்த கெட்டிலை அணைத்தேன்.

"நீ சொல்லு கண்ணு," என்றாள் மோரீன். "அப்பா போன் பண்ணாரு. பண்ணி?"